நீ தள்ளிவிட்ட வெற்றிலைத் தட்டு

மச்சான்,

என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். ஒரு வரி மேலே ஏறும், அடுத்தது கீழே இறங்கும். தேயிலை வெட்டிய கை, பேனாவையும் கத்தி மாதிரிதான் பிடிக்கிறது. அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மன்னிப்பு என்ற பேச்சு இந்தக் கடிதத்தில் இதோடு சரி.

இன்று காலை பசறைத் தபால் கந்தோருக்கு முதியோர் கொடுப்பனவு எடுக்கப் போனேன். அங்கே வேலை பார்க்கிற பிள்ளை வழக்கம்போல மைப்பெட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளியது. ஊதா மையின் வாடை மூக்கில் ஏறியதும் உன் முகம் வந்து நின்றது. என் மனைவிக்கு அண்ணன் நீ. தோட்டத்து லய வீட்டை விட்டு டவுனில் கடை போட்டவன், எழுதப் படிக்கத் தெரிந்தவன். என் பெருவிரலைப் பிடித்து மையில் அமுக்கும்போதெல்லாம், "நல்லா அமுக்கு மச்சான், கல்லத் தூக்கவா சொல்றேன்" என்பாய். பிறகு சுற்றி நிற்பவர்களைப் பார்த்துச் சிரிப்பாய்.

இன்று அந்தப் பெட்டியை மூடிவிட்டுப் பேனா கேட்டேன். என் பெயரை முழுதாக எழுதினேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அது காதில் விழுந்ததும் இன்னும் மெதுவாக எழுதினேன். உன்னைப் புதைத்த நாளுக்குப் பிறகு நான் இவ்வளவு சந்தோசமாக இருந்தது இன்றுதான்.

எழுத்துச் சொல்லித் தந்தது யார் என்று நினைக்கிறாய்? என் கடைசி மகள்தான். நீ கடை நிறைய ஆள் வைத்துக்கொண்டு கேலி செய்தாயே, அவளேதான்.

அவளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்ததும், முறைப்படி முதலில் தாய்மாமனுக்குச் சொல்ல வேண்டும் என்று உன் தங்கச்சி வெற்றிலைத் தட்டோடு எங்களை உன்னிடம் கூட்டி வந்தாள். நீ வெலிமடைக் கிழங்கு மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாய்.

"என்னா படிக்கப் போற?" என்று கேட்டாய்.

"பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலி மாமா. மூணு பாசையும்."

நீ கிழங்கைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாய். கடைக்கு வந்தவர்களைக் கூப்பிட்டுச் சொன்னாய். "கேட்டீங்களா? அப்பன் கைநாட்டு. மக வெள்ளக்காரப் பாசை மூணு படிக்கப் போறாளாம். எந்தப் பாசையில கூப்புட்டா கொழுந்து தானா கூடைக்குள்ள வந்து விழும்னு கேட்டுச் சொல்லு தாயி."

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். அதற்குப் பிறகு, "இவ என் பையனுக்குன்னு பேசினது. மொறைய விட்டுட்டு ரயில் ஏறினா, என் வாசல எவனும் மிதிக்கக்கூடாது" என்று சொல்லித் தட்டை ஒரு தள்ளு தள்ளினாய். வெற்றிலை கிழங்குத் தூசியில் சிதறியது. வெற்றிலையைத் தள்ளினால் உறவையே தள்ளியது என்று உனக்குத் தெரியாதா? உன் தங்கச்சி குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். நீ அவள் தலைக்கு மேலாலே அடுத்த ஆளுக்குச் சாமான் நிறுத்தாய்.

என் மகள் ரயில் ஏறினாள். உன் தங்கச்சி அந்த வருடம் தீபாவளிக்கு எண்ணெய்ச்சட்டி வைக்கவில்லை. நீ சாகும்வரை எங்கள் பக்கம் திரும்பவில்லை. உன் சாவுக்கு உன் தங்கச்சியை அனுப்பினேன். நான் ரோட்டிலேயே நின்றுகொண்டேன். வாசலை மிதிக்கக்கூடாது என்றாய், மிதிக்கவில்லை.

முதல் லீவுக்கு வந்தபோது மகள் வாடிப் போயிருந்தாள். கூடப் படிக்கிற டவுன் பிள்ளைகள் முன்னாலேயே பணம் கட்டிப் பிரெஞ்சு பழகியவர்களாம். இவள் வாயைத் திறந்தால் சிரிக்கிறார்களாம். பேர், ஊர், பசிக்கிறது, குளிருகிறது என்று கைக்குழந்தை மாதிரி முதலிலிருந்து தொடங்குகிறாளாம். "அப்பா, அங்க நானும் கைநாட்டுதான். வாங்க, ரெண்டு பேரும் சேந்து படிப்போம்" என்றாள். லீவுக்கு லீவு, அவள் படித்த வரிசையிலேயே எனக்கும் தமிழ் சொல்லித் தந்தாள். நான் முதலில் எழுதிய வரி, 'எனக்குக் குளிருகிறது.' அது பொய். அன்று எனக்குக் குளிரவே இல்லை.

இப்போது கேள். படிப்பை முடித்துவிட்டு அவள் வீட்டில் இருக்கிறாள். போன ஞாயிறு எங்கள் லயத்து வாசலில் ஒருவன் வெற்றிலைத் தட்டோடு வந்து நின்றான். உன் பையன்.

"மாமா, இத்தாலிக்குப் போறதுக்குப் பாக்குறேன். வயசானவங்களப் பாத்துக்கிற வேலை. பாசை தெரிஞ்சாத்தான் எடுப்பாங்களாம்" என்றான். "அவகிட்டக் கொஞ்சம் சொல்லித் தரச் சொல்லுங்க."

உள்ளே மகள் சிரித்த சத்தம் கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டைத் தள்ளக் கை எழுந்தது. நீ தள்ளின மாதிரியே, அவ்வளவு தூரத்துக்கு. அவன் பெண்டாட்டி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றாள். உன் தங்கச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை அவள் குனிந்து பொறுக்கக்கூடாது என்று தோன்றியது. தட்டை வாங்கினேன்.

உனக்காக என்று நினைத்துவிடாதே. அந்த ஆசை அங்கேயும் உனக்கு வேண்டாம்.

மகள் அவனை என் பக்கத்தில் உட்கார வைத்து, பெயர் சொல்லப் பழக்கினாள். "மி கியாமோ" என்று ஆரம்பித்து நாக்குப் புரளாமல் நின்றான். "அப்பாவப் பாரு, இந்த வயசுல எழுதுறாரு. நீ வாயத் தொறக்கப் பயப்படுற" என்றாள். வியர்த்து வழிந்தான். நன்றாக இருந்தது மச்சான், பார்க்க.

அவன் போகட்டும். நல்லா இருக்கட்டும். ஆனால் உன் மேல் உள்ள கோபத்தை நான் இறக்கி வைக்கப்போவதில்லை. முன்பு அது தொண்டையில் கிடந்தது. இப்போது அதை எழுத முடிகிறது.

விரல் வலிக்கிறது, நிறுத்துகிறேன். வருகிற ஞாயிறும் உன் பையனுக்குப் பாடம் இருக்கிறது. அவன் இத்தாலி எழுதட்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து உன்னைத் திட்டி எழுதுகிறேன்.