டூவாவின் முன்பல்

பிப்ரவரி 13, வியாழன்

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன், இந்த நோட்டிடமா? சரி, நோட்டே, மன்னித்துவிடு. மகள் டூவா தூங்கின பிறகுதான் எனக்கென்று ஒரு மேசை கிடைக்கிறது.

பனிச் சறுக்குப் பலகை விளையாட்டுக்கு இரண்டு ஹெல்மெட் வாங்கினோம். எட்டு வயதுப் பெண்ணுக்கு ஒன்று, அவள் அப்பாவுக்கு ஒன்று. பொருந்துகிறதா என்று இருவர் தலையையும் ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். என் கணவன் ஷெத்தில் கடைக்கு வெளியே வந்து சொன்னான்: "கடைக்காரருக்கு வேர்த்தே போச்சு, மாரென். குண்டு துளைக்குமான்னு ஒண்ணுதான் நீ கேக்கல."

சிரிக்கட்டும். தலை முக்கியம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மனம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. எழுதினால் அடங்கும்.

பதினொரு மணிக்கு வீட்டுக்குப் பின்னால் சரிவில் அப்பாவும் மகளும் பந்தயம். பாதிச் சரிவில் இரண்டு பலகையும் மோதி, ஷெத்திலின் ஹெல்மெட் — நான் வாங்கின ஹெல்மெட் — நேராக டூவாவின் வாயில். பனியெல்லாம் சிவப்பு. அவள் முழித்துப் பார்த்தாள், நடந்தாள், கத்தினாள்; நல்லா கத்தினாள், அதுவே நிம்மதி. ஷெத்தில் நாலு காலில் தவழ்ந்து பல்லைத் தேடி எடுத்துவிட்டான்.

சமையலறைக்குள் வந்ததும் டூவா ரத்த வாயோடு, "அம்மா, கிளாஸ்!" என்றாள். நானும் ஒரு கிளாஸில் தண்ணீர் பிடித்து, பல்லைப் போட்டு, சன்னல் மேடையில் வைத்தேன். விழுந்த பல்லை எல்லாம் அப்படித்தானே வைத்தோம்? பல் தேவதை இரவில் வந்து எடுத்துக்கொண்டு நாணயம் போடுவாள். என் அம்மாவும் எனக்கு அப்படித்தான் வைத்தாள். கை தானாகச் செய்துவிட்டது.

அவள் வாயைத் துடைத்துக்கொண்டே கிளாஸைப் பார்க்கிறேன். பல் நீளமாக இருக்கிறது. பால் பல்லுக்கு ஏது இவ்வளவு வேர்? ஐயோ. இது போன வருஷம் முளைச்ச பல். இனிமே முளைக்காத பல். என்ன பண்ணிட்டேன்!

அவசரப் பல் மருத்துவரின் எண்ணை அழுத்தினேன். டோருன் என்ற மருத்துவரே எடுத்தார்.

"பால் பல்லா, புதுப் பல்லா?"

"புதுசு. மேல் முன்பல்."

"மயக்கம், வாந்தி ஏதாவது?"

"இல்லைங்க. அழுதுட்டே இருக்கா."

"நல்லது. பல் இப்ப எங்க?"

"தண்ணில. பத்து நிமிஷமா. தேவதைக்கு வைக்கிற மாதிரி..."

ஒரு மூச்சு விட்டார். "நம்ம ஊர்ல பாதி வீட்ல இதான் பண்றாங்க. திட்ட மாட்டேன். உடனே எடுங்க, தண்ணி வேருக்கு ஆகாது. வெள்ளைப் பக்கத்தைப் பிடிங்க, வேரைத் தொடாதீங்க. பால்ல ஒரு முக்கு முக்கி, இருந்த குழியிலேயே செருகுங்க."

"யாரு, நானா?"

"வேற யாரு இருக்கா?"

திரும்பிப் பார்த்தேன். ஷெத்தில் தரையில் உட்கார்ந்து முழங்காலுக்கு நடுவில் தலையை வைத்திருந்தான்.

"பயமா இருக்குங்க."

"பயந்துக்கிட்டேயும் செருகலாம். முடியவே முடியாதுன்னா பால்லயே போட்டு எடுத்துட்டு வாங்க. ஆனா இப்பவே உள்ள போச்சுன்னா பல்லுக்கு நல்லது."

செருகினேன். எப்படி என்று கேட்காதே. மெல்லத் தள்ள, பக்கத்துப் பல்லோடு சமமாக வந்து நின்றது. சுத்தமான கைக்குட்டையைக் கடிக்கச் சொன்னேன். டூவா கைக்குட்டை வழியாகவே சொன்னாள்: "உன் விரல்ல வெங்காய வாசனை."

மருத்துவமனையில் டோருன் மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு சேர்த்து ஒட்டினார். "அழகா வெச்சிருக்கீங்க" என்றார் என்னிடம். பிழைக்குமா என்று கேட்டேன். "இப்ப சொல்ல முடியாது. சின்ன வயசு, வேர் நுனி இன்னும் மூடல. உள்ள திரும்ப உயிர் வர வாய்ப்பு இருக்கு. சில்லுனு வெச்சா கூசணும். கூசினா பல் உயிரோட இருக்குன்னு அர்த்தம். மாசக் கணக்குல ஆகும்."

வராவிட்டால்? கறுக்கலாம், சீழ் வைக்கலாம், கடைசியில் எடுக்க வேண்டி வரலாம். எட்டு வயது.

பிப்ரவரி 17, திங்கள்

சூப். கஞ்சி. தயிர். சூப்.

பிப்ரவரி 19, புதன்

அந்தப் பத்து நிமிடம். காய்ச்சலுக்கு எத்தனை பக்கம் படித்திருக்கிறேன், வயிற்றுவலிக்கு எத்தனை! பல்லுக்கு ஒரு வரி படித்திருக்கக் கூடாதா?

ஷெத்திலிடம் அழுதுவிட்டேன். "இடிச்சது என் மண்டை. குத்தவாளி வரிசைல நான்தான் முன்னாடி நிக்கிறேன். நீ போய் எனக்குப் பின்னாடி நில்லு" என்றான்.

மார்ச் 3, திங்கள்

கம்பி எடுத்தாயிற்று. பல் ஆடவில்லை. டோருன் சில்லென்ற பஞ்சை ஒவ்வொரு பல்லாக வைத்தார். பக்கத்துப் பல்லில் டூவா துள்ளினாள். இந்தப் பல்லில்?

"கூசுதா?"

"ஒண்ணுமே தெரியல."

வகுப்பில் போய், "என் பல்லுக்குக் குளிரே கிடையாது" என்று பெருமையடித்திருக்கிறாள். மூன்று பேர் பொறாமைப்பட்டார்களாம்.

வகுப்புப் பெற்றோர் எல்லாருக்கும் ஒரு செய்தி அனுப்பினேன். புதுப் பல் விழுந்தால் தண்ணீரில் போடாதீர்கள், பாலில் முக்கி உடனே குழியில் செருகுங்கள் என்று. என் முட்டாள்தனத்தையும் மறைக்காமல் எழுதினேன்.

மார்ச் 31, திங்கள்

இன்றும் கூசவில்லை. நிறம் மாறவில்லை, ஈறு வீங்கவில்லை. "சும்மா இருக்கு. சும்மா இருக்கிறது கெட்டது இல்ல" என்றார் டோருன். பிறகு, "தினம் டார்ச் அடிச்சுப் பாக்குறீங்களாமே? டூவா புகார் பண்றா."

துரோகி.

ஏப்ரல் 22, செவ்வாய்

மாலையில் டூவாவின் வகுப்புத் தோழியின் அம்மா இல்வா போனில் கூப்பிட்டாள். ஒரே பதற்றம். அவளுடைய சின்ன மகள் நாற்காலி மேலிருந்து விழுந்து முன்பல் வந்துவிட்டதாம். "உன் செய்தில படிச்சேனே, பால்ல முக்கிட்டேன், இப்ப செருகப் போறேன்..."

"நில்லு. சின்னவளுக்கு மூணு வயசுதானே?"

"ஆமா."

"அப்போ பால் பல். செருகாதே. கீழ வளர்ற பல்லுக்கு அடி படும். சுத்தமான துணியை அழுத்திப் பிடி, மருத்துவரைக் கூப்பிட்டுக் காட்டு."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

போனை வைத்த பிறகுதான் கவனித்தேன். பேசின நேரம் முழுக்க ஒரு கையால் கஞ்சியைக் கிளறிக்கொண்டே இருந்திருக்கிறேன். அடிப்பிடிக்கவில்லை.

என் செய்தியில் பால் பல்லைப் பற்றி எழுதாமல் விட்டிருக்கிறேன். உடனே சேர்த்து அனுப்பினேன்.

மே 17, சனி

எங்கள் நாட்டின் தேசிய நாள். ஊரே கொடியும் வாத்தியமும். குழந்தைகள் எத்தனை ஐஸ்கிரீம் கேட்டாலும் இன்று மறுக்கக் கூடாது. டூவாவுக்கு அது மூன்றாவது. ஊர்வலம் தபால் நிலையத்தைத் தாண்டும்போது நின்றாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா! கூசுது! அந்தப் பல்லு!"

நான் ஷெத்திலைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். "எந்தப் பல்லு?" என்று இரண்டு பேரும் ஒரே குரலில்.

"அதான், நீ வெச்ச பல்லு!"

"இன்னொரு தடவை கடி" என்றான் ஷெத்தில். கடித்தாள், துள்ளினாள், கண்ணில் தண்ணீர். நாங்கள் இருவரும் நடுத்தெருவில் கட்டிப்பிடித்துச் சிரிக்கிறோம். பக்கத்தில் டிரம்பெட் வைத்திருந்தவர் எங்களை முறைத்தார். முறைக்க மாட்டாரா?

"எனக்கு வலிக்குது, நீங்க சிரிக்கிறீங்க! நீங்க ரெண்டு பேரும் ரொம்ப மோசம்" என்று டூவா கொடியை என் கையில் திணித்துவிட்டு முன்னால் போய்விட்டாள்.

ஊர்வலம் முடியும்வரை பொறுக்க முடியவில்லை. தபால் நிலையத்துப் படியில் உட்கார்ந்தே அனுப்பிவிட்டேன். அனுப்பினதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

"அன்புள்ள டோருன், இன்று டூவாவின் முன்பல்லில் ஐஸ்கிரீம் கூசியது. இரண்டு முறை. மூன்றாவது முறை கடிக்க மறுத்துவிட்டாள். நான் நினைப்பதுதானா இது? பக்கத்துப் பல்லாக இருக்குமோ? திங்களன்று கூட்டி வரட்டுமா? இன்று விடுமுறை என்று தெரியும். இருந்தாலும் தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்."