யன்னலுக்கு மேல் அடைத்த இடைவெளி

கிரின்ஸ்டெட்
ஒக்டோபர் 12, ஞாயிறு

அன்பு மகள் நவோமிக்கு,

ஆண்டவரின் இரக்கத்தால் நானும் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. வெலிங்டனில் நீயும் மருமகனும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். போனில் சொன்னால் நீ இடையில் கேள்வி கேட்பாய், எனக்குப் பாதியில் கோபம் வரும், அதனால்தான் எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முதல் உன் ஞானத்தகப்பன் ஸ்ரனிஸ்லாஸ் வீட்டு வெளிச்சுவர் முழுக்கப் பலகை அடித்துத் தந்தது நினைவிருக்கும். அகலப் பலகைகளை நெட்டுக்கு நிறுத்தி, இரண்டு பலகை சேரும் இடமெல்லாம் ஒடுக்கமான சிலாகை அடித்து மூடி, தண்ணீர் வெளியே வடிய யன்னல்களுக்கு மேல் மடித்த தகரம் வைத்தான். தகரத்துக்கும் பலகையின் அடிக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டிருந்தான். எனக்கு அது அரைகுறை வேலையாகப் பட்டது. ஊரில் சுவரில் ஓட்டை கண்டால் சீமெந்து பூசாமல் விடுவோமா? அவன் போன பிறகு ஏணி வைத்து ஏறி, சிலிக்கோன் பசை பிதுக்கி அடைத்து, மேலால் கறுப்புப் பெயின்ரும் அடித்துவிட்டேன். அவனுக்குச் சொல்லவில்லை.

இந்த வருடம் உன் பழைய அறை யன்னலுக்கு மேல் பலகை ஊறி உக்கிப்போனது, உள்ளுக்கும் தண்ணீர். போன சனி அவனைக் கூப்பிட்டு, வந்து நின்ற நேரம் தொட்டு வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவன் ஏணியில் ஏறிப் பலகையை அமத்தினான், விரல் உள்ளே போனது. கீழே பார்த்து, "அண்ணை, இந்த இடைவெளியை நீங்கள் ஏதும் அடைச்சனீங்களோ?" என்று கேட்டான். அவ்வளவுதான் மகள். என் வீட்டில் நின்று என்னையே குற்றவாளியாக்கிறானே என்று எனக்குக் கண்மண் தெரியவில்லை. காலைப் பிடித்து இழுத்தேன். சீமெந்துக் கல்லில் அவன் தோள் எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அதோடு நின்றேனா? கீழே கிடந்த சிலாகையை எடுத்து முதுகிலும் முகத்திலும் அது முறியுமட்டும் அடித்தேன். அம்மா ஓடிவந்து குறுக்கே விழுந்திராவிட்டால் கொன்றிருப்பேன். அவன் பல் ஒன்று வாசற்படியில் கிடந்தது.

அம்மா அவனைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா, எனக்கோ வெறி அடங்கவில்லை. அவன் பிழையைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமென்று அலவாங்கால் நெம்பிப் பலகைகளைக் கிழித்தெறிந்தேன். தகரம் சரியாக இருந்தது. தண்ணீர் பக்கத்தால் உள்ளே போகாமல் இரண்டு ஓரத்தையும் மடித்துத் தூக்கியும் விட்டிருந்தான். பலகைக்குப் பின்னால் இறங்கிய தண்ணீரை வெளியே விடாமல் மறித்தது என் சிலிக்கோன்தான். அதை நான் தடவி அமத்திய பெருவிரல் அடையாளம் அதில் பள்ளம் பள்ளமாக அப்படியே கிடந்தது.

ஏணியால் விழுந்ததாக அவன் டொக்டரிடம் சொல்லியிருக்கிறான். என் குடியுரிமை விண்ணப்பம் போட்டபடி கிடக்கிறது, அடிதடி வழக்கென்றால் அது போச்சு என்று அவனுக்குத் தெரியும். இன்று பூசையில் சுவாமி அவனுக்காக மன்றாடச் சொன்னார். முடிந்ததும் சனம் வந்து, நல்ல காலம் நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள் என்று என் கையைப் பிடித்தது. நான் தலையாட்டினேன், வெட்கங்கெட்டவன். அம்மா வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்கிறா. நாளைக் காலை நான் பொலிசுக்குப் போய் உள்ளதைச் சொல்லப் போகிறேன். உனக்குப் பதினைந்து வயதில் நான் உன்னை அறைந்தபோது, நான் ஒருநாளும் பிறர் சொல்லைக் கேட்கிறதில்லை என்று இந்த நாட்டு டெனிஸ் மொழியில் கத்தினாய். அன்றும் நான் கேட்கவில்லை.

அவன் உனக்குப் போன் எடுத்தால் அந்த ஏணிக் கதையைத்தான் சொல்லுவான், நம்பாதே. அங்கே காற்றுப் பலம் என்றாய், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. உங்கள் யன்னலுக்கு மேலும் இடைவெளி இருந்தால் மருமகனை அடைக்க விடாதே.

உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன். அதே பெருவிரல்தான் மகள். மனமில்லையென்றால் துடைத்துவிடு.

அப்பா,
பஸ்தியாம்பிள்ளை