பெண் கை படாத சாப்பாடு

என் வீட்டுக்காரருக்கு,

கூடைக்கு அடியில இருக்கிற இந்தக் கடிதம் உங்க கைக்கு வந்துட்டா, பானை காலின்னு அர்த்தம். மரவள்ளிக் களி இளக்கமா இருந்துச்சா? குழம்புல போட்டது ஐஸ் மீன்தான். நீங்களும் உங்க ஆளுங்களும் கம்பெனி எண்ணெய்க் குழாயை உடைச்சதுலேர்ந்து ஓடை மீன்ல எண்ணெய் நாத்தம்.

நாளைக்கு எண்ணெய்க் கிணத்துக்குக் காவல் நிக்கிற பட்டாளத்தோட சண்டைன்னு படகுக்காரர் சொன்னார். உங்களுக்கென்ன பயம்? நம்ம சண்டைச் சாமி எக்பேசுவோட கயிறு கட்டியிருக்கீங்க. தூரமான பொம்பளை சமைச்சதைச் சாப்பிடாதவரைக்கும் குண்டு துளைக்காதே.

போன மாசம் என் தம்பி எபிடிமிக்கும் அதே கயித்தைத்தான் கட்டினீங்க. பதினேழு வயசுப் பிள்ளையை முதல் படகுல முன்னால உட்கார வச்சீங்க. பிணம் வந்ததும், படகுத்துறையில ஊரே நிக்க என்னைக் கை காட்டினீங்க: "சாமி மேல குத்தமில்ல. தீட்டோட சமைச்சுப் போட்டு இவதான் தம்பியைக் கொன்னா!"

அம்மா இன்னும் என் முகத்துல முழிக்கறதில்ல.

அவன் கடைசியாச் சாப்பிட்டது உங்க முகாம் சமையல்காரன் கையால. அது உங்களுக்கும் தெரியும்.

இன்னைக்கு அனுப்பின சாப்பாடு உங்க அண்ணன் சமைச்சதுன்னு படகுக்காரர்கிட்ட சொன்னேன். சமைச்சது நான். இன்னைக்கு எனக்கு ரெண்டாம் நாள்.

கயிறு வெறும் கயிறுதான்னு உங்க ஆளுங்க முன்னாடி சொல்லிட்டு உயிரோட வீட்டுக்கு வரலாம். அதைச் சொல்ல வாய் வரலைன்னா, நாளைக்கு முதல் படகுல நீங்களே முன்னால உட்காருங்க.

இப்படிக்கு,
நீங்க கை காட்டினவள்