பெட்டீட் என்று போட்டது

ஞாயிறு, இரவு.

இன்னும் நம்ப முடியவில்லை.

திருமணத் தகவல் தளத்தில் அண்ணன் என்னை ‘ஷார்ட்’ என்று போட்டிருந்தான். நான்தான் அதை அழித்துவிட்டு ‘பெட்டீட்’ என்று மாற்றினேன். அகராதியில் பார்த்துத்தான் மாற்றினேன். சின்ன உடல்வாகு, ஆனால் அளவாக, அழகாக இருப்பவள். பெண்களைப் பற்றி மட்டுமே அப்படிச் சொல்வார்களாம். என் நாலடி பத்தங்குலத்துக்கு இப்படியொரு மரியாதையா என்று இரண்டு நாள் சந்தோஷமாகத் திரிந்தேன்.

ஓட்டலில் சந்திக்கலாம் என்றான் அண்ணன். பையன் வீட்டார்தான் ஸ்ரீரங்கம் கோயிலில் பார்க்கலாம் என்றார்கள். பக்தியான குடும்பம் என்று அம்மாவுக்கு ஒரே பெருமை.

இன்று காலை தாயார் சன்னதிக்கு வெளியே பேசிக்கொண்டிருந்தோம். பையனின் அம்மா என் பாதத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“அந்த இங்கிலீஷ் வார்த்தையப் பாத்ததுமே எனக்குச் சந்தேகங்க. ஓட்டல்னா ஹீல்ஸ் போட்டுட்டு வந்துடுவாங்க. கோயில்னா செருப்ப வெளியதான விட்டாகணும்?”

அம்மாவும் சேர்ந்து சிரித்து வைத்தாள்.

அப்போதுதான் பையனை நன்றாகப் பார்த்தேன். தளத்தில் அவன் உயரம் ஐந்தடி எட்டு. அவனும் வெறுங்காலோடுதான் நின்றான். தோளுக்கு வரவேண்டிய என் உச்சந்தலை அவன் காதுக்கு வந்தது. அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் போன் வந்தது.

“பொண்ணு கொஞ்சம் குட்டைதான், ஆனா பரவால்லன்னு சொல்லிட்டாங்கடி” என்றாள் அம்மா. அவள் கண் கலங்கியிருந்தது. சந்தோஷத்தில்.