பதினெட்டு மீட்டர்

மார்ச் 4, செவ்வாய்

இன்று பதினெட்டு மீட்டர். டிசம்பரில் ஆரம்பித்தபோது அறுபத்திரண்டு.

நேற்று அக்கா கேட்டாள்: "நீ என்னதான்டி பண்றே அங்க? குருவி பின்னாடி நடக்கிறதுக்கா சம்பளம்?" பின்னாடி இல்லை, எதிரே. ஏரிக்கரையில் மேயும் ஆள்காட்டிக் குருவி ஒன்றைக் குறி வைத்து, வேகம் கூட்டாமல் குறைக்காமல் நேராக அதை நோக்கி நடப்பேன். அது எழும்பிப் பறக்கும் நொடியில் நான் நிற்கும் இடத்தில் ஒரு மரக்கட்டையைப் போடுவேன். கட்டையிலிருந்து குருவி நின்ற இடம்வரை நாடா பிடித்து அளப்பேன். ஆள் எவ்வளவு நெருங்கினால் பறவை ஓடும் என்பதுதான் கேள்வி.

ஏரியைச் சுற்றி நடைபாதை வரப்போகிறது. எதிரே எழும்பும் அடுக்குமாடியில் வீடு வாங்குகிறவர்கள் காலையில் காற்று வாங்க வேண்டுமே. கூடுகளிலிருந்து எவ்வளவு தள்ளிப் பாதை போடலாம் என்று எங்கள் நிறுவனம் ஏரி அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். வரைபடம் முன்பே தயார்: முப்பது மீட்டர். பதினெட்டு என்றால் முப்பது தாராளம். நிறுவனத் தலைவர் — எல்லோருக்கும் அவர் 'சார்' — முகம் மலர்ந்து சொன்னார்: "பறவைங்க மனுஷங்களுக்குப் பழகிடுச்சு, பார்த்தியா?"

பார்த்தேன். ஏதோ உறுத்துகிறது.

மார்ச் 7

முதல் கூடு. சரளைக்கல் நடுவே ஒரு குழி, நாலு முட்டை. அவ்வளவுதான் வீடு.

மார்ச் 11

அறிக்கையில் யார் யார் பெயர் என்று கூட்டத்தில் வாசித்தார்கள். என் பெயர் இல்லை. "களப்பணி: ஒப்பந்த ஊழியர்." ஏன் என்று கேட்டேன். கரையில் ஒரு குருவி கத்தினால் கரை முழுக்கத் தலை நிமிர்கிறது. முயல்கூட மேய்ச்சலை விட்டுக் காதைத் தூக்கும். இங்கே ஒருத்தி கத்தினால் பதினாலு பேர் கணினித் திரையைப் பார்க்கிறார்கள்.

மார்ச் 13, வியாழன்

கைபேசியை வீட்டில் மறந்து வந்துவிட்டேன். அக்கா ஆஸ்பத்திரி வேலை முடிந்து அதைக் கொடுக்கக் கரை வழியே வந்தாள். அவள் இன்னும் எங்கோ இருக்கிறாள், அதற்குள் ஒரு குருவி கத்தியது. அவ்வளவுதான், அத்தனையும் மேலே. கொக்குகளும் எழுந்தன. இரண்டு முயல்கள் புதருக்குள் பாய்ந்தன.

"என்னடி இது, நான் என்ன பேயா? உன்கிட்ட மட்டும் கோழி மாதிரி மேயுது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அளந்தேன். எழுபத்தெட்டு. ஏரியின் மறுபக்கம் கூட்டிப் போய் இன்னொரு முறை நடக்க வைத்தேன். எழுபத்தொன்று. "நர்சு வேலை பார்த்தே கால் போச்சு, இதுல குருவி வேற" என்று திட்டிக்கொண்டே நடந்தாள்.

அப்போ மூணு மாசமா நான் எதை அளந்தேன்? அதுங்க மனுஷங்களுக்குப் பழகலை. எனக்குப் பழகியிருக்கு. தினமும் வருது, நேரா நடக்குது, கட்டையைப் போடுது, போயிடுது — இதுக்கெல்லாம் எதுக்குப் பறக்கணும்னு விட்டுடுச்சு. ஒவ்வொரு நாளும் நான் நடந்து நடந்தே அந்த எண்ணைக் குறைச்சிருக்கேன். அதை வெச்சுத்தான் பாதை போடப் போறாங்க.

மார்ச் 14

ஒருவேளை என் பச்சைச் சட்டைதான் அடையாளமோ? அக்காவுக்கு அதை மாட்டிவிட்டு நடக்க வைத்தேன். அறுபத்தொன்பது. காரணம் சட்டை இல்லை. முகமா, நடையா — தெரியவில்லை. தெரியவில்லை என்றே எழுதுவேன்.

மார்ச் 15

சாரிடம் சொன்னேன். நாற்காலியைக்கூட என் பக்கம் திருப்பவில்லை.

"உங்க அக்கா மூணு தடவை நடந்ததுக்கு மூணு மாசத் தரவைத் தூக்கிப் போடணுமா?"

"மூணு மாசமும் ஒரே ஆள் சார்."

"அந்த ஒரே ஆள் யாரு?"

"நான்தான்."

"அப்போ பேசாம இரு."

ஆள் போதாது என்றால் ஆள் கொண்டுவருகிறேன். அறிக்கைக்கு ஏப்ரல் நாலு கெடு. இருபது நாள் இருக்கிறது.

மார்ச் 16

விதி: கரைக்கு இதுவரை வராதவர்கள் மட்டும். ஒருவர் ஒருமுறைதான், மறுபடி நடந்தால் பழகிவிடும். கூடுகள் உள்ள பக்கம் யாரையும் விடக்கூடாது. அக்கா தன் வார்டில் எல்லோரையும் பிடித்துவிட்டாள். எப்படி என்று கேட்டேன். "லீவு மாத்திக் கேட்டு என்கிட்டதானே வருவாளுங்க" என்றாள்.

மார்ச் 19

ஐந்து பேர். 66, 81, 59, 74, 70.

மார்ச் 22, சனி

கீழ்வீட்டுத் தையல்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். "பொண்ணு பார்க்கப் போறப்பகூட இப்படி நடந்ததில்லை" என்றார். குருவிக்கும் அவரைப் பிடிக்கவில்லை. 83.

மார்ச் 25

பாதைக்கு முளை அடிக்க வந்திருந்தார்கள். கூட்டிலிருந்து முப்பது மீட்டர், நட்ட நடு மதியம். தாய்க்குருவி எழும்பி அவர்கள் தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றியது. அக்கம்பக்கத்துக் குருவிகளும் சேர்ந்துகொண்டு கத்தின. நாற்பத்தோரு நிமிடம் முட்டைமேல் நிழல் இல்லை. நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். "மேலே பேசிக்கோங்க" என்றார்கள். சரளைக்கல்லில் கை வைத்துப் பார்த்தேன், வைக்க முடியவில்லை. இருபத்தேழாவது நிமிடம் காகம் ஒரு முட்டையைத் தூக்கிப் போனது.

நிமிடம் நிமிடமாக எழுதினேன்.

மார்ச் 30

இருபத்து மூன்று பேர். மிகக் குறைவு 55, மிக அதிகம் 88. இன்று நான் நடந்தேன்: 17.

ஏப்ரல் 2, புதன்

எல்லாவற்றையும் சார் மேசையில் வைத்தேன். புரட்டினார். அவருக்குப் புரிந்துவிட்டது, புரியாத ஆள் இல்லை அவர். அதுதான் இன்னும் ஆத்திரம்.

"இதை நான் அனுப்பலைன்னா?"

"ஏரி அலுவலகத்துல நானே நேர்ல குடுப்பேன்."

கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "சரி. ஆனா மூணு மாசத் தப்பு நிறுவனத்தோடதுன்னு போக முடியாது. உன்னோடதுன்னு, உன் பேரைப் போட்டு எழுதணும். அப்புறம் எவன் உன்னை வேலைக்கு எடுப்பான்? யோசிச்சுக்கோ."

"எழுதுறேன் சார்."

வெளியே வந்ததும் கழிப்பறையில் பத்து நிமிடம் நின்றேன். முறை என்ன என்று முடிவு செய்தது அவர். இன்னொரு ஆள் வேண்டும் என்று ஜனவரியில் கேட்டவள் நான். செலவு என்று மறுத்தவர் அவர். தப்பு மட்டும் என்னுடையது. இருக்கட்டும். பாதி உண்மை, மூன்று மாதமும் நாடாவைப் பிடித்த நான் யோசித்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 4

அனுப்பியாயிற்று. மிக அதிகமான 88-க்கு மேல் கொஞ்சம் இடைவெளி சேர்த்து நூற்றுப் பத்து மீட்டர் என்று பரிந்துரை. பக்கம் 31-இல் 'அளவீட்டுப் பிழை' என்ற தலைப்பின் கீழ் என் முழுப்பெயர். அச்சில் முதல் முறை. அக்கா அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டாள். "பிழைன்னு இருக்குடி" என்றாள். "பேரும் இருக்குல்ல" என்றேன்.

ஏப்ரல் 30

ஒப்பந்தம் முடிந்தது. நீட்டிக்கவில்லை.

மே 19, திங்கள்

நேர்காணலுக்குப் போகும் வழியில் பேருந்திலிருந்து பார்த்தேன்: ஏரிக்கரையில் ஆட்கள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன்.

பழைய முளைகளைப் பிடுங்கி, சாலையோரமாகத் தள்ளி நட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டே பேர். ஒருவர் கடப்பாரையோடு தூரத்தில். நாடாவை வைத்திருந்தவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் புலம்பினார்: "ஒரே கோட்டுக்கு ரெண்டு தடவை குழி. யாரோ ஒரு பொண்ணு தப்பா அளந்துடுச்சாம்."

"அந்தப் பொண்ணு நான்தாண்ணே."

என்னை மேலிருந்து கீழே பார்த்தார். நேர்காணலுக்காக உடுத்திய துணியையும் பார்த்தார். பிறகு நாடாவின் முனையை நீட்டினார்.

"அப்போ இதைப் பிடிம்மா. இந்தத் தடவையாவது ஒழுங்காப் பிடி."

பிடித்தேன். அவர் சுருளைப் பிரித்துக்கொண்டே சாலைப் பக்கம் நடந்தார். நூற்றுப் பத்து.