அம்மா வருவது ஆறு மாத விசாவில்

நமுனுகுல,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சுபாஜினிக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே நல்ல சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளை திலீபனும் வயிற்றில் இருக்கிற சின்னதும் அதே சுகத்தோடு இருக்கவேண்டும் என்று வெள்ளிக்கிழமை விளக்கு வைத்துக் கேட்டுக்கொண்டேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ அழுகிறாய், நீ அழுதால் நான் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று சொல்லிவிடுகிறேன். முந்தாநாள் விசா வந்த சந்தோசத்தில் பேசிக்கொண்டிருந்தபோதே, "அம்மா, வந்தப்பறம் திரும்பப் போகாதீங்கம்மா, இங்கயே நீட்டிச்சுக்கலாம்" என்று அழுதாய், அதற்கும் உம் கொட்டிவிட்டேன். போனை வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். பக்கத்து வீட்டு மேனுஷா இதைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புவாள், அழுவதென்றால் அழுதுவிட்டு முழுதாகப் படி.

போன வருசம் நடந்ததை மறந்திருக்க மாட்டாய். உன் அப்பா யாரோ ஏஜென்டின் பேச்சைக் கேட்டு, நான் நயாகரா அருவி பார்க்கப் போகிற பெரிய வியாபாரி என்று விசாப் பாரத்தில் எழுத விட்டார். நமக்கோ தோட்டம் கொடுத்த இந்த லயத்துக் காம்பரா வீட்டுக்கு உறுதிப் பத்திரம் கிடையாது, அதற்கு வெலிமடையில் யாரோ ஒருவரின் காணி உறுதியைக் காட்டலாம் என்று அந்த மனுசன் சொன்னபோதே நான் வேண்டாம் என்றேன், கேட்டால்தானே. கனடாக்காரன் என்ன மடையனா, பயணம் முடிந்து இவள் திரும்பிப் போவாள் என்று நம்பமுடியவில்லை என்று ஒரே வரியில் திருப்பிவிட்டான். பண்டாரவளை தாண்டாதவளுக்கு நயாகரா எதற்கு என்று என்னோடு வேலை செய்கிற இராக்கம்மா இன்றைக்கும் கேலி பேசுகிறாள்.

இந்தத் தடவை ஏஜென்டும் வேண்டாம், ஆட்டுக்குட்டியும் வேண்டாம் என்று நானே பண்டாரவளைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கொம்பியூட்டர் கடையில் றிஸ்னி என்று ஒரு பிள்ளை இருக்கிறாள், பொறுமையான பிள்ளை, கனடா அரசாங்கத்தின் பக்கத்தைத் திறந்து எனக்கு வரிவரியாகத் தமிழில் சொன்னாள். உன்னைப் பார்க்க வர இரண்டு வழி இருக்கிறதாம். ஒன்று சாதாரண விசிட்டர் விசா, ஒரு தடவை வந்தால் வழக்கமாக ஆறு மாதம் இருக்கலாம், விசாவில் போட்டிருக்கிற காலம் முடியும்வரை போய்ப் போய் வரலாம். இன்னொன்று நீ சொல்கிற சூப்பர் விசா, பெற்றவர்களுக்கும் தாத்தா பாட்டிக்கும் மட்டும், வருசக்கணக்கில் ஒரேயடியாகத் தங்கலாம், ஆனால் அதற்குப் பிள்ளைகள் போதுமான வருமானம் காட்டவேண்டும், பார்த்துக்கொள்வோம் என்று எழுதிக் கொடுக்கவேண்டும், எனக்கு வைத்தியக் காப்புறுதி எடுக்கவேண்டும், மெடிக்கலும் செய்யவேண்டும். மாப்பிள்ளை இப்போதுதான் வேலை மாறியிருக்கிறார், நீயும் பிரசவ லீவில் நிற்கப்போகிறாய், இந்த நேரத்தில் உங்கள் தலையில் அந்தப் பாரத்தை வைக்க எனக்கு மனமில்லை. அதனால் சின்ன வழியையே போட்டேன்.

காரணம் கேட்ட இடத்தில் மகளுக்குப் பிரசவம், கூட இருக்கப் போகிறேன் என்றுதான் எழுதச் சொன்னேன். வேலை, தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் பிள்ளை பார்ப்பது. வீடு, தோட்டத்து லயம், புருசன் அங்கேதான் இருக்கிறார், பெயர் அழகர். சித்திரைக்கு முன்பு இவள் வேலைக்குத் திரும்பவேண்டும் என்று தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயா கடிதம் அடித்து, தோட்டத்தைப் பார்க்கிற துரையிடம் கையெழுத்து வாங்கித் தந்தார். கொழும்பில் கைரேகை வைக்கும்போதுதான் கொஞ்சம் பயந்துபோனேன், முந்தித் தேயிலைக் கொழுந்து எடுத்துத் தேய்ந்த விரல் அல்லவா, மெசினுக்கு ரேகை பிடிபடவில்லை. அங்கிருந்த பிள்ளை என் விரலைத் துடைத்துத் துடைத்து மறுபடி வைத்துப் பார்த்தாள், பிறகு பிடித்துக்கொண்டது. விசா குத்திய பாஸ்போட்டை அப்பா சாமிப் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறார், தான் சொன்ன புத்தியால்தான் கிடைத்தது என்று இப்போது லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

வந்த பிறகு கேட்டு நீட்டிக்கலாம்தான், அது குற்றமில்லை என்று றிஸ்னியும் சொன்னாள். ஆனால் திரும்பி வருவேன் என்று எழுதிக் கொடுத்தது நான். எழுதினபடி திரும்பினேன் என்றால் அடுத்த வருசம் பிள்ளையின் பிறந்தநாளுக்கு இதே விசாவில் தலை நிமிர்ந்து வருவேன். உங்கள் கை கொஞ்சம் நிமிர்ந்த பிறகு அப்பாவையும் சேர்த்து அந்தப் பெரிய விசாவைப் போடலாம், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போது பிரஷர் குளிசையைக்கூட ஞாபகப்படுத்தினால்தான் போடுகிற மனுசனை எத்தனை நாளுக்குத் தனியே விடுவது. மடுவத்தையும் சித்திரை வரைக்கும்தான் இராக்கம்மா பார்த்துக்கொள்வாள். உன்னை விட்டுவிட்டு வர எனக்கு மட்டும் சுலபமா மகளே. அதற்காக உன்னிடம் பொய்யாக உம் கொட்ட முடியாது.

மடுவத்தில் நான் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். பிள்ளை அழும் என்று பயந்து, கையில் பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டுப் பின்கதவால் நழுவி மலைக்குப் போகிற தாய்மார் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் சாயந்தரம் வரைக்கும் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும், மறுநாள் தாயின் சேலையை விடவே விடாது. "அம்மா கொழுந்தெடுக்கப் போய்ட்டு வாறேன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகிறவளின் பிள்ளையும் அழத்தான் செய்யும், ஆனால் கொஞ்ச நேரத்தில் விளையாடப் போய்விடும். நான் எல்லாத் தாய்மாருக்கும் சொல்வது அதைத்தான், சொல்லிவிட்டுப் போங்கள் என்று. ஊருக்குச் சொல்கிறவள் சொந்த மகளிடம் நழுவலாமா. அதுதான் வருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன், பங்குனி கடைசியில் அம்மா திரும்புவேன். டிக்கெட் போடும்போது திரும்புகிற டிக்கெட்டையும் சேர்த்துப் போடச் சொல்லி மாப்பிள்ளையிடம் சொல்.

பிரசவ மருந்துச் சாமானை வறுத்து இடித்து வைத்திருக்கிறேன், இறங்குகிற இடத்தில் கேட்டால் மறைக்காமல் காட்டுவேன். நீ பனியில் வழுக்காமல் நட, இரும்புச்சத்துக் குளிசையை விடாதே, இரவில் போனை நோண்டாமல் தூங்கு. சுகப்பிரசவமாகித் தாயும் பிள்ளையும் நூறு வருசம் நன்றாக இருக்க அம்மன் துணை நிற்பாள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அங்கிருந்து நான் திரும்பிப் புறப்படுகிற அன்றைக்குப் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு என்னை வழியனுப்பாதே. வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வா, அதன் முகத்தைப் பார்த்தும் சொல்லிவிட்டுத்தான் நான் வருவேன்.

என்றும் உன் அம்மா,
அ. விஜயலெட்சுமி