சடுகுடுக் கல்லில் பத்தாவது கோடு

மச்சானுக்கு,

எந்தத் தீவுல உன்னை இறக்கினாங்கன்னு தெரியல. மாலுமி ஒருத்தன் கையில இந்த ஓலையைக் குடுத்தனுப்புறேன்.

உங்க குப்பமும் எங்க குப்பமும் இருபத்தொரு வருஷமா ஆடின சடுகுடு எல்லாம் அம்மன் கோயில் கல்லுல கோடு கோடா இருக்கு. நீங்க ஜெயிச்சது பன்னெண்டு, நாங்க ஒன்பது. இந்த வருஷம் ஆட உங்க பக்கத்துல ஒருத்தரும் இல்ல. அதனால ஜெயிச்சது நாமதான், கோடு போடுன்னு எங்காளுங்க சொன்னாங்க.

கப்பல்ல வேலை இருக்குன்னு சொல்லி உங்க ஏழு பேரையும் ஒல்லாந்தர் கோட்டை வாசல் வரைக்கும் கூட்டிக்கினு போனது நான்தானே. அன்னைக்கு உங்களை வித்த விலையா நான் தூக்கியாந்த அரிசி மூட்டையை, இந்தப் பஞ்சத்துலயும் உன் தங்கச்சி தொடல.

பத்தாவது கோடு போட உளியோட போனேன். அவ அதைப் பிடுங்கி எங்க பக்கத்துக் கோடெல்லாம் கொத்தி அழிச்சிட்டா. நான் தடுக்கல.

இப்ப கல்லுல நிக்கிறது உங்க பன்னெண்டு மட்டும்தான்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி புருஷன்